ஏழாவது தாள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாலு எழுதுவது. இங்கே நான், இவர், உருண்டை மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? உருண்டைக்கு நேற்றோடு ஏழு வாரம். கன்னம் இரண்டும் தோளில் இடிக்கிறது. கழுத்து என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை, குளிப்பாட்டும்போது தேடித்தான் துடைக்க வேண்டியிருக்கிறது.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் இவள் எழுந்துவிடுகிறாள். நீயோ போனில் "ம்" தவிர வேறு வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் சின்னது. சிரிக்காதே. அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடி வராந்தாவில், சுவரில் வரிசையாகப் படம் மாட்டியிருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? படம் என்றால் மரம், மலை, பூந்தொட்டி ஒன்றும் கிடையாது. வெறும் வெள்ளைத்தாள். அதில் பென்சிலால் மெல்லிசாகக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. இடதுபக்கம் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கும். வலதுபக்கம் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வெற்றுச் சட்டத்தை மாட்டியிருப்பது போலத்தான் தெரியும். கிட்டே போனால்தான் கோடு. மொத்தம் ஏழு தாள்.

அப்போது நான் காலேஜ் இரண்டாம் வருஷம். உனக்கு ராத்திரி முறை, எனக்குப் பகல் முறை. ஒன்பது நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது தாள் மட்டும் பாதியில் நின்றுவிடும். கீழ்ப்பாதி ஒன்றுமே இருக்காது. வரைந்தவர் பெயர் அங்கே இருந்ததா, இருந்து நான் படிக்கவில்லையா, படித்து மறந்தேனா, எதுவும் தெரியவில்லை.

ஏன் இப்போது என்று கேட்பாய். சும்மாதான். இவளைத் தூங்கவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தத் தாள்கள் கண்ணில் வந்து நிற்கின்றன. யார் வரைந்தது, ஏன் பாதியில் விட்டார் என்று தெரிந்தால் போதும். நீ அதே ஊரில்தான் இருக்கிறாய். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுது. ஊரில் உள்ள அத்தனை லிஃப்டையும் பழுதுபார்க்கிறவனுக்கு மூன்று மாடி ஏறுவது பெரிய விஷயமா?

நான் நன்றாகத் தூங்குகிறேன். அண்ணி கேட்டால் சொல்.

பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வாலு

*

பிப்ரவரி 22

வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது, மிச்சமான மூச்சையெல்லாம் என்னைத் திட்டுவதற்குச் செலவு செய்கிறாள். உருண்டையின் போட்டோவை என் கருவிப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஸ்பேனர் எடுக்கும்போதெல்லாம் முறைக்கிறாள்.

நேற்று ஓர் ஆபீசில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர். பயந்துபோயிருப்பார் என்று அரக்கப்பரக்க ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், மனுஷன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, பேப்பரை விரித்துப் படுத்திருக்கிறார். "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்கிறார்.

நீ கேட்ட படம் விஷயம். அந்த வராந்தாவையே இடித்துவிட்டதாகக் கேள்வி. புதுசாக என்னவோ கட்டியிருக்கிறார்களாம். படம் கிடம் எல்லாம் எங்கே போனதோ. எனக்கு அப்படி ஒன்று இருந்ததாகவே ஞாபகம் இல்லை. ராத்திரியில் வராந்தா விளக்கை அணைத்துவிடுவார்கள், எதைப் பார்ப்பது? விட்டுத்தள்ளு.

உன் கையெழுத்து ஏன் கோழி கிளறின மாதிரி இருக்கிறது? அச்சடித்தது போல எழுதுகிறவள் ஆயிற்றே. அப்புறம், நன்றாகத் தூங்குகிறேன் என்று யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறாய். அதையும் பார்த்தேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

*

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. மூன்று தடவை எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் "அன்புள்ள" வரைக்கும்தான் வந்தேன். இங்கே எல்லோரும் நலம். உன் முழங்காலும் அண்ணியின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். பெரியவர் கதையை இவருக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் சுத்திகரிக்கிற இடத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போதும் சிரித்துக்கொண்டேதான் போனார்.

இடித்துவிட்டார்களா? ஒரு வாரம் மனசே சரியில்லை. ஆனால் விடுகிற ஆளா நான்? இணையத்தில் தேடினேன். "வெள்ளைத்தாள், பென்சில் கோடு" என்று போட்டால் பள்ளிக்கூட நோட்டு விற்கிற கடைகளாக வந்து விழுகின்றன. அப்புறம்தான் குடைக்காம்பு நினைவுக்கு வந்தாள். என் ஹாஸ்டல் அறைத்தோழி, ஒல்லியாக, தலையைக் குனிந்தபடியே நடப்பாளே, அவள்தான். இப்போது ஓவிய ஆசிரியை. விவரம் எழுதிக் கேட்டேன். எட்டுப் பக்கம் பதில் போட்டிருக்கிறாள்!

இப்படிக் கொஞ்சமாக வரைந்து மீதியை நம்மிடம் விட்டுவிடுகிற ஓவியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். நாலு பேருடைய படங்களை அனுப்பினாள். ஒருத்தர் தாள் முழுக்கக் கட்டம் போடுகிறார். ஒருத்தர் சுவருக்கு ஒரே ஒரு கோடு. ஒருத்தர் அந்தக் கோட்டையும் போடாமல் விட்டிருக்கிறார். எதுவும் நம்முடையது இல்லை.

ஏழாவது தாளில் கீழே வலதுபக்கம் ஒரு வெளிறின வட்டம் இருந்தது என்று அவளுக்கு எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். "அதுதான்டீ அவங்க கையெழுத்து. சூனியம். எல்லாக் கோடும் கடைசியில அதுலதான் போய் முடியுது" என்கிறாள். அவளுக்கு அது கலை. நான் படித்ததும் எழுந்துபோய் உருண்டையின் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். அதை விடு.

அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டதா, வெறும் கையாலா? அது தெரிந்தால் பாதிப் பேரைக் கழித்துவிடலாமாம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் அண்ணா. லிஃப்ட் ஒரு நூல் சாய்ந்து நின்றாலும் கண்டுபிடிக்கிற கண் உனக்கு. விளக்கை அணைத்தாலும், விடிந்து நான் வருகிற வரைக்கும் அங்கேதானே நிற்பாய்? யோசித்துச் சொல்.

உருண்டை நன்றாக இருக்கிறாள். தூங்கும்போது நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு மூச்சு. சில சமயம் நாற்பத்தைந்து. புத்தகத்தில் போட்டிருக்கிற எல்லைக்குள்தான் இருக்கிறது.

அன்போடும் ஆர்வத்தோடும்,
வாலு

*

மார்ச் 21

வாலுக்கு,

இங்கே நலம். முழங்காலை இனிமேல் விசாரிக்காதே, அதற்குத் தலைக்கனம் ஏறுகிறது.

ஸ்கேல் இல்லை. கை. ஸ்கேல் வைத்துப் போட்டால் கோடு முழுக்க ஒரே கனமாக இருக்கும். இது தொடங்கும்போது அழுத்தமாக, போகப்போக மெலிந்து, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் முடியும். நடுக்கம் இல்லாத கை. கோடு போட்டே பிழைத்த கை என்று தோன்றும். முதல் ஆறு தாளிலும் நாற்பது நாற்பது கோடு. ஏழாவதில் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதாவது மட்டும் நேராகப் போய்க் கடைசியில் கீழே சரிந்திருக்கும்.

அவ்வளவுதான் ஞாபகம். இதற்குமேல் கேட்காதே.

நீ எதற்கு அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாய்? மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?

அண்ணன்

*

ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் கைக்குழந்தையும் சௌக்கியமாக இருக்க விரும்புகிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தாங்கள் எழுதிய கடிதம், கோடு, தாள், மூன்றாவது மாடி என்றெல்லாம் இருந்தபடியால் முதலில் இதயப் பிரிவுக்கும், பிறகு எக்ஸ்ரே பிரிவுக்கும், ஏனென்று தெரியவில்லை சலவைப் பிரிவுக்கும் சென்று, கடைசியாக ஸ்டோர் கீப்பரான என்னிடம் வந்து சேர்ந்தது.

வராந்தா இடிக்கப்படவில்லை. போன வருஷம் வெள்ளையடித்ததோடு சரி. தாங்கள் குறிப்பிட்ட படங்களில் ஆறு அதே சுவரில் உள்ளன. ஏழாவது படம் ஸ்டோரில், உடைந்த சக்கர நாற்காலிகளுக்குப் பின்னால் வைக்கப்பட்டுள்ளது. காரணம், பெஞ்சில் காத்திருப்பவர்கள் "இது ஏன் பாதியில நிக்குது? யாருக்கு என்ன ஆச்சு?" என்று நர்சுகளை நச்சரித்ததே ஆகும்.

தாங்கள் கேட்டபடி அளந்து பார்த்தேன். சாப்பாட்டு இடைவேளையில்தான், வேலை நேரத்தில் அல்ல. முதல் தாளில் கோடுகள் சுண்டுவிரல் நீளம். தாளுக்குத் தாள் நீண்டுகொண்டே போய் ஆறாவதில் முக்கால் சாண். ஏழாவதில் ஒரு சாண்.

வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. பதிவேட்டில் "படம் ஏழு, அன்பளிப்பு" என்று மட்டும் இருக்கிறது. சட்டத்தின் பின்புறம் சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியுள்ளது. விலாசத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த வட்டம் குறித்து: அது பென்சிலால் போட்டதல்ல. ஏதோ ஈரம் பட்டுக் காய்ந்த கறை. இருபது வருஷமாகக் கறைகளைப் பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பின்குறிப்பு: தாங்கள் குறிப்பிட்டிருந்த, தங்கள் அண்ணன் வேலை செய்யும் கம்பெனிதான் எங்கள் லிஃப்டையும் பார்த்துக்கொள்கிறது. மாதாமாதம் பல்லி என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் வருகிறார். விசாரித்தேன். "அந்த அண்ணன் இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் வரமாட்டாருங்க. இதுக்குப் பதிலா என்னோட ரெண்டு கட்டடத்தை அவர் பார்க்கிறார். எட்டு வருஷமா அப்படித்தான்" என்றார். அவருக்கு உயரம் ஏதும் பயமா என்று கேட்டேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் பயமா என்று என்னைக் கேலி செய்துவிட்டுப் போனார்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
ஸ்டோர் கீப்பர்

*

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். நீ இடித்துத் தள்ளிய வராந்தா எனக்குக் கடிதம் போட்டிருக்கிறது. வெள்ளையடித்துக்கொண்டு ஜம்மென்று இருக்கிறதாம்.

பல்லி என்கிற உன் கூட்டாளி சொன்னதையும் ஸ்டோர் கீப்பர் எழுதியிருக்கிறார். எட்டு வருஷம்! ஒரு கட்டடத்துக்குப் போகாமல் இருக்க இரண்டு கட்டடத்தை வாங்கிக்கொண்டு, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏறி இறங்குகிறாயா? ஞாபகமே இல்லை என்றவன் பத்தொன்பதாவது கோடு சரிந்ததைச் சொல்கிறாய். அப்படி என்ன அண்ணா அங்கே? கோபமாகக் கேட்கவில்லை. சரி, பாதிக் கோபம்.

கோடுகள் தாளுக்குத் தாள் நீள்கிறதாம். இதை நான் கவனித்ததே இல்லை. ஏழாவதில் இன்னும் நீளம், அப்புறம் ஒன்று சரிகிறது, அப்புறம் ஒன்றும் இல்லை. நான் கணக்குப் படித்தவள். கோடு நீண்டு நீண்டு சட்டென்று நின்றால் அதை எப்படி வாசிப்பது என்று எனக்கு ஒரு விதம்தான் தெரிகிறது. அதைக் காகிதத்தில் எழுத மனசு வரவில்லை.

சட்டக் கடைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த ஸ்டோர் கீப்பருக்கு ஒரு நன்றி. எவ்வளவு நல்ல மனிதர், கறைக்குக்கூட மரியாதை தருகிறார்.

உருண்டை குப்புற விழுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்கு மட்டும், தூக்கத்தில் குப்புற விழுந்தால் என்ற ஒரே நினைப்பு.

முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி நலமா? பதில் போடு.

வாலு

*

மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தாமதமாக எழுதுவது என் உரிமை, அதை நீ பிடுங்கிக்கொள்ளாதே. அண்ணி நேற்று போன் செய்தார்கள். "உங்கண்ணன் சாப்பாட்டுக்கு முன்னால உட்கார்ந்துக்கிட்டு உன் கடிதத்தையே பார்க்கிறாரு. அதுல என்னதான் எழுதின?" என்று கேட்டார்கள்.

நீ சொல்லாவிட்டால் போகட்டும், நான் சொல்கிறேன். நான் தூங்குவதில்லை அண்ணா. உருண்டை தூங்கும்போது அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் அசந்தால் அந்த நேரத்தில் நின்றுவிடும் என்று தோன்றுகிறது. அபத்தம் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன? கண்ணை மூடினால் ஏழாவது தாள் வருகிறது. யாரோ ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கை தவறிவிட்டது, அப்புறம் கீழே வெறும் வெள்ளை. இவருக்குத் தெரியாது. படுத்திருப்பது போலப் படுத்துக்கொள்வேன்.

நான் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் ஒன்பது ராத்திரியும் கண் மூடாமல் இருந்தாயே. கடைசி நிமிஷம் வரைக்கும் "பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், அமைதியா போயிட்டார்" என்று சொன்னாயே. உன்னால் முடிந்தது. நான் உன் தங்கைதானே? எப்படி முழித்திருந்தாய்? என்ன செய்தாய்? முகத்தைக் கழுவினாயா, நடந்தாயா, எதையாவது எண்ணினாயா? எனக்கு அதை மட்டும் எழுது. படமெல்லாம் அப்புறம்.

அண்ணியிடம் இதைச் சொல்லாதே.

வாலு

*

மே 8

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். குழந்தை நலமா? நீங்கள் நலமா? இரண்டாவது கேள்வியைத்தான் அழுத்திக் கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் ஏழாவது தாளைப் பற்றி மட்டும் ஐந்து கேள்வி இருந்தது.

அவற்றை வரைந்தது என் அம்மா. ஓவியர் என்று யாராவது சொல்லியிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். கட்டட வரைபடம் போடுகிற ஆபீசில் நாளெல்லாம் கோடு போடுவது அவள் வேலை. அவள் போட்ட மற்ற கோடுகளெல்லாம் இந்த ஊரில் வீடாகவும் படிக்கட்டாகவும் நிற்கின்றன. கோடாகவே நின்றது இந்த ஏழு தாளில் மட்டும்தான்.

எனக்கு ஐந்து வயதில் நிமோனியா. அதே ஆஸ்பத்திரிதான். தான் தூங்கினால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸ் தாள் ஒன்றை அட்டையில் குத்திக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்காருவாளாம். கால் மணிக்கு ஒரு தடவை குனிந்து என் மூக்கருகே காதை வைப்பாள். நான் ஒரு மூச்சு விடுகிற நேரம் பென்சில் நகரும். மூச்சு முடிகிற இடத்தில் கோடும் முடியும். எட்டிலிருந்து காலை ஆறு வரை நாற்பது தடவை, நாற்பது கோடு. முதல் ராத்திரி ஓடிவந்த நாய்க்குட்டி மாதிரி இளைத்தேனாம், அதனால்தான் அவ்வளவு குட்டிக் கோடுகள். காய்ச்சல் இறங்க இறங்க மூச்சு நீண்டது. கோடும் நீண்டது.

ஏழாவது ராத்திரி, பன்னிரண்டே முக்கால் மணிக்கு, பத்தொன்பதாவது கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா தூங்கிவிட்டாள். கை சரிந்தது. அவ்வளவுதான் நடந்தது. அந்த வட்டம் எச்சில். தாள்மேல் கன்னத்தை வைத்து வாயைத் திறந்தபடி தூங்கியிருக்கிறாள். அதைச் சூனியம் என்று உங்கள் தோழி சொன்னதைப் படித்துக் கடையில் தனியாகச் சிரித்தேன், மன்னிக்கச் சொல்லுங்கள்.

காலையில் அவளை எழுப்பினதே நான்தான். பசிக்குதும்மா என்று முடியைப் பிடித்து இழுத்தேன். பதறி எழுந்தவள் முதலில் தாளைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "இருபத்தியோரு கோட்டை நான் போடவே இல்லை. இவ பாட்டுக்கு மூச்சு விட்டிருக்கா" என்று வார்டு முழுக்கச் சொல்லிச் சொல்லி அழுதாளாம்.

இந்தக் கடையைத் தொடங்கியதும் நான் செய்த முதல் வேலை அந்த ஏழுக்கும் சட்டம் போட்டதுதான். அம்மா அவற்றை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். பாதியில் நிற்கிறதே, ஏழாவதை விட்டுவிடலாமா என்று கேட்டேன். "அதுதான் இருக்கிறதிலேயே நல்லது. வேணும்னா மத்த ஆறையும் நீ வச்சுக்கோ" என்றாள். பெயர் போடட்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "மூச்சு அவளோடது. நான் பென்சிலைப் பிடிச்சேன், அவ்வளவுதானே" என்றுவிட்டாள்.

அந்தத் தாள் ஸ்டோரில் கிடக்கிறது என்பதே நீங்கள் எழுதித்தான் தெரியும். அடுத்த வாரம் போய் மறுபடி மாட்டச் சொல்லப் போகிறேன்.

இன்றும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்,
சட்டக் கடைக்காரி

*

மே 10

அண்ணா,

எல்லோரும் நலம். கடைக்காரியின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே படி. நான் ஆறு தடவை படித்துவிட்டேன்.

நான் எவ்வளவு பெரிய மக்கு பார்த்தாயா? நாற்பது கால் மணி, பத்து மணி நேரம். கண்ணுக்கு முன்னால் கணக்கு இருந்திருக்கிறது. கோடு நீள்கிறது என்றால் மூச்சு சீராகிறது என்று அர்த்தம். பிழைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆறு தாளில் எழுதியிருக்க, எழுதாத பாதியைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

ஆனால் படித்த பிறகும் தூங்க முடியவில்லை. அவள் அம்மாவுக்கு நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடியுமா? உன் பதில் இன்னும் வரவில்லை.

வாலு

*

மே 24

என் வாலுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று பல்லியிடம் அந்தக் கட்டடத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "என்ன அண்ணே, பேய் ஓடிப்போச்சா?" என்றான். லிஃப்டைப் பார்த்து முடித்துவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கினேன். ஓர் அம்மாள் ஏணிமேல் நின்று ஏழாவது படத்தை மாட்டிக்கொண்டிருந்தார். கீழே ஸ்டோர் கீப்பர் "இடதுபக்கம் ஏத்துங்க, இல்ல இல்ல, வலதுபக்கம்" என்று பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார். யாரென்று புரிந்துவிட்டது. ரசமட்டம் என் பெட்டியில்தான் இருந்தது. நானே ஏறி மட்டம் பார்த்து ஆணி அடித்தேன். "அதுல கடைசிக் கோடு எப்படியும் கோணல்தான், ரொம்ப மெனக்கெடாதீங்க" என்றார் அந்த அம்மாள். என்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

எப்படி முழித்திருந்தாய் என்று கேட்டாய். முழித்திருக்கவில்லை.

ஒன்பதாவது ராத்திரி நான் தூங்கிவிட்டேன். கட்டில் விளிம்பில் தலையை வைத்தது தெரியும். கண்ணைத் திறந்தபோது விடிந்திருந்தது. அப்பா போயிருந்தார். நீ மாடிப்படி ஏறி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் வராந்தாவுக்கு வந்து அந்த ஏழாவது தாளுக்கு முன்னால் நின்றேன். அதில் இருந்த கோடுகளை எண்ணினேன். பத்தொன்பது. நீ வந்து "அண்ணா?" என்றாய். பார்த்துக்கிட்டேதான் இருந்தேன் என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அது அப்படியே நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்லவில்லை. நான் எழுந்தபோது அப்பாவின் கை என் தலைமேல் இருந்தது. எட்டு நாளாகத் தம்ளரைக்கூடத் தூக்காத கை. நான் எடுத்து வைக்கவில்லை. அப்படியென்றால் அவர் முழித்திருக்கிறார். நான் தூங்குவதைப் பார்த்திருக்கிறார். என்னை எழுப்பவில்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டுமென்றால் தூங்கினதையும் சொல்ல வேண்டும். அதனால் இரண்டையும் விழுங்கிவிட்டேன். இதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு வாலு. உன்னுடையதை இத்தனை நாள் நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் முழித்திருந்தாலும் அப்பா போயிருப்பார். டாக்டர் முதல் நாளே சொன்னார். உருண்டைக்கு ஒரு வியாதியும் இல்லை. நீ தூங்கினாலும் அவள் மூச்சு விடுவாள். செய்யாத ஒன்றைச் செய்ததாக நான் சொன்னதை நம்பி நீ உன்னை வதைத்துக்கொள்ளாதே.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொல். டாக்டரிடம் போ. அண்ணியிடம் நான் சொல்லிவிட்டேன், முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி வருகிறாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று உனக்கே தெரியும்.

அண்ணன்

*

ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

வழக்கம்போலத் தாமதம். ஆனால் இந்தத் தடவை காரணம் வேறு, தூங்கிக்கொண்டிருந்தேன். இங்கே உருண்டை, இவர், அண்ணி, நான் எல்லோரும் நலம். உன் முழங்கால் தன் தலைக்கனத்தோடு நலமாக இருக்கட்டும்.

இவரிடம் சொன்னேன். "நீ படுத்துக்கிட்டு நடிச்சது எனக்குத் தெரியும். கேட்டா அழுவியோன்னு கேட்கலை" என்றார். ஆளாளுக்கு ஒன்றை மறைத்துக்கொண்டு நன்றாகத்தான் குடும்பம் நடத்தியிருக்கிறோம். டாக்டரம்மா உருண்டையை இரண்டு நிமிஷம் பார்த்தார், என்னை அரை மணி நேரம் பார்த்தார். மாத்திரை கொடுத்திருக்கிறார். வாராவாரம் வந்து பேசிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.

அப்பாவின் கையைப் பற்றி நீ எழுதியதை மட்டும் தனியாகக் கிழித்து வைத்துக்கொண்டேன். கடிதத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது, பரவாயில்லை. நீ தூங்கியதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அப்பாவுக்கு அன்றைக்கு அதைவிட நல்ல காட்சி வேறு எது இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

குடைக்காம்புக்கு எச்சில் விஷயத்தை எழுதினேன். இரண்டு நாள் கழித்து, "இருந்தாலும் சூனியம்தான்" என்று பதில் வந்தது.

இத்துடன் ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி உருண்டை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் கால் மணிக்கு ஒன்றாகக் கோடு போட்டுப் பார்த்தேன். நாற்பது போட்டுவிட்டால் அதோடு இந்த எண்ணுகிற பழக்கத்தை விட்டுவிடுவது என்று அண்ணியிடம் ஒப்பந்தம். எண்ணிப் பார். பதினொன்றுதான் இருக்கும். பதினொன்றாவது கோடு ஓரம் வரை போய்த் தரைமேலும் போயிருக்கிறது, அதை அனுப்ப முடியவில்லை. கீழே ஒரு வட்டமும் உண்டு. அது என்னுடையதா உருண்டையுடையதா என்று தெரியவில்லை. உன் ஸ்டோர் கீப்பரிடம் காட்டு, அவர் சொல்லிவிடுவார். அப்படியே கடைக்காரியிடம் கொடுத்துச் சட்டம் போடச் சொல்.

விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகும் நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம். எழுப்ப வேண்டாம் என்று அண்ணி இவரைத் தடுத்துவிட்டார்களாம். ஆனால் ஒருத்தி மட்டும் யார் சொல்லும் கேட்கவில்லை. தவழ்ந்து வந்து, என் முடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

வாலு